சம்பளம் தருவதும் தராததும்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தமிழ்நாட்டின் பல வீடுகளில் ஒரே பஞ்சாயத்துதான். "அதைப் படிச்சா என்ன சம்பளம் கிடைக்கும்?" என்பார் அப்பா. "எதைப் படிச்சாலும் புள்ள நிம்மதியா இருக்கணும்" என்பார் அம்மா. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமா, "கம்ப்யூட்டர் சயின்ஸைப் போடுங்க, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முடித்துவைப்பார். பதினைந்து வருடம் கழித்து, மாதச் சம்பளம் லட்சத்தைத் தாண்டிய பிறகு, அதே பிள்ளை ஞாயிற்றுக்கிழமை இரவில் மறுநாள் ஆபீஸை நினைத்துத் தூக்கம் வராமல் புரளும். பணமா, மனநிறைவா என்ற கேள்வி அப்போதுதான் முழு உருவில் வந்து நிற்கும்.

இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. பணம் மட்டுமே வாழ்க்கையல்ல என்பது ஒன்று. முதலில் சம்பாதி, மற்றதெல்லாம் பின்னால் வரும் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் போதாது. அடுத்த மாதச் செலவுக்கு அஞ்ச வேண்டாத நிலை என்று ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை எட்டும்வரை பணம்தான் மனநிறைவு. அங்கே இரண்டையும் பிரித்துப் பேசுவது அநியாயம். கோட்டைத் தாண்டியவர்களை அரிப்பது பெரும்பாலும் சம்பளக் குறைவு அல்ல. தன் நேரத்தின் மீதும் தன் வேலையின் மீதும் தனக்கு ஒரு சொல்லும் இல்லையே என்பதுதான். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை இலக்கியம், பொருளாதாரம், உளவியல், நம் ஊர் வரலாறு எல்லாவற்றையும் தொட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். சங்க இலக்கியத்தின் பாலைத்திணைப் பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் பிரிகிறான். பொருள் இல்லையென்றால் இல்லறம் நடக்காது, வந்த விருந்தைப் போற்ற முடியாது, இரவலருக்குக் கொடுக்க முடியாது. பிரிந்து போனாலோ இளமை போய்விடும். போவோமா இருப்போமா என்று தன் நெஞ்சோடு வழக்காடும் தலைவனும், பொருளைத் திரும்ப ஈட்டலாம், கழிந்த இளமையை ஈட்ட முடியுமா என்று கேட்கும் தோழியும் அகப்பாடல்களில் மறுபடி மறுபடி வருகிறார்கள். அந்தத் தலைவனைப் புலவர்கள் பெரும்பாலும் பேராசைக்காரனாகக் காட்டவில்லை. அவன் தேடப் போவதும் குடும்பத்துக்காக, இழப்பதும் குடும்பத்தையே என்பதுதான் அந்தப் பாடல்களின் வலி. 2015-இல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, இங்கிருந்து வெளிநாடு சென்றிருப்பவர்களைச் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. வளைகுடாவின் தொழிலாளர் முகாமில் இருந்துகொண்டு மகளின் காதுகுத்தை வீடியோ காலில் பார்க்கும் ராமநாதபுரத்துக்காரரும் பாலைத்திணைத் தலைவன்தான்.

வள்ளுவரும் பொருளை இழிவாகப் பேசவில்லை. 'பொருள் செயல்வகை' என்று ஓர் அதிகாரமே (76) வைத்தார். ஈட்டுவதன் தேவையை அழுத்திச் சொல்லிவிட்டு, அதே அதிகாரத்தில் அருளும் அன்பும் இல்லாத வழியில் வரும் பொருளைத் தொடாமல் விட்டுவிடச் சொன்னார். 'நன்றியில் செல்வம்' அதிகாரத்தில் (101) தானும் துய்க்காமல் பிறருக்கும் கொடுக்காமல் குவித்து வைப்பவனைக் கண்டித்தார். எப்படி வந்தது, எதற்குப் பயன்பட்டது என்ற இரண்டும்தான் அவருடைய அக்கறை. வேலை செய்கிறவரின் மனம் அந்த வேலையில் நிறைகிறதா என்ற கேள்வி நவீன காலத்தில்தான் பெரிதாக எழுந்தது.

அதைப் பொருளாதாரத்தின் பக்கமிருந்து முதலில் தொட்டவர்களில் ஆடம் ஸ்மித் முக்கியமானவர். 1776-இல் வந்த தன் நூலில் அவர் ஒரு வாதத்தை வைத்தார். அருவருப்பான, ஆபத்தான, மதிப்பில்லாத வேலைக்குக் கூலி கூடுதலாகத்தான் இருக்கும். மதிப்புள்ள வேலையில் அந்த மதிப்பே கூலியின் ஒரு பகுதியாகிவிடும். கசாப்புக்காரரையும் தூக்கிலிடுபவரையும் உதாரணம் காட்டினார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை நம் ஊர்ச் சாக்கடைக் குழிக்குள் இறங்குபவரிடம் வைத்துப் பாருங்கள். ஆபத்திலும் அருவருப்பிலும் அதை மிஞ்சிய வேலை இல்லை, கூலியோ அடிமட்டம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்து 2013-இல் சட்டம் வந்த பிறகும் குழிக்குள் மூச்சடைத்துச் சாவது நிற்கவில்லை. ஸ்மித்தின் கணக்கு பலிக்க வேண்டுமானால், பிடிக்காத வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும் உரிமை தொழிலாளிக்கு இருக்க வேண்டும். சாதி அந்த உரிமையைத்தான் பறித்து வைத்தது.

வேலையில் மனநிறைவு பற்றி இந்தியாவில் எழுதப்பட்டவற்றில் மிக ஆழமான பக்கங்கள் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலில் இருப்பதாக நினைக்கிறேன். 1936-இல் வெளியான அந்த நூலை யாரும் வேலைவாய்ப்பு நூலாகப் படிப்பதில்லை. ஆனால் அதில் அவர் வைக்கும் வாதங்களில் ஒன்று இதுதான்: சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது. விருப்பமும் திறமையும் பார்க்காமல் பிறப்பைப் பார்த்து வேலை கொடுத்தால், செய்பவரின் மனமும் அறிவும் அதில் ஒட்டாது. மனம் ஒட்டாத வேலையில் திறமை வளராது, வெறுப்பும் தட்டிக்கழிப்பும்தான் வளரும். மேலைநாட்டு நிர்வாகவியல் பிற்பாடு சொல்லப் போவதை அம்பேத்கர் நியாயத்தின் பக்கம் நின்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அன்றைய சென்னை மாநிலத்தில் 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது அந்தத் திட்டம். கைத்தொழிலின் மேன்மையைச் சொல்லித்தான் அது முன்வைக்கப்பட்டது. குலக்கல்வி என்று பெயர்சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி விலகினார். அடுத்து முதலமைச்சரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். செய்யும் தொழிலே தெய்வம் என்ற பேச்சு யாருடைய வாயிலிருந்து யாரை நோக்கி வருகிறது என்று பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்கு அங்கிருந்து வந்தது. சலவைத் தொழிலாளியின் மகனுக்கும், பறையடித்தவரின் மகளுக்கும் மாதச் சம்பளம் என்பது பணத்தைவிடப் பெரியது. அப்பன் வேலையைச் செய்யத் தேவையில்லை என்ற விடுதலைப் பத்திரம் அது. 2024-இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். இளைஞர்கள் பாதுகாப்பான வேலைக்கு ஏங்கிக் கனவை விட்டுவிட்டார்கள் என்று இதைப் பார்த்துக் குறைசொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல குடும்பங்களில் அந்த ஒரு வேலைதான் மூன்று தலைமுறையின் கனவு.

இனி ஆய்வுகள் பக்கம் வருவோம். பணம் மகிழ்ச்சி தருமா என்பதைப் பற்றி அரை நூற்றாண்டாக ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-இல் ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார்: ஒரே நாட்டுக்குள் பணக்காரர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்; ஆனால் நாடு முழுவதும் வருமானம் ஏறினாலும் மக்களின் சராசரி மகிழ்ச்சி நீண்ட காலத்தில் ஏறுவதில்லை. பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டே நாம் நம்மை அளக்கிறோம் என்பது அவருடைய விளக்கம். பிறகு 2010-இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 4,50,000-க்கும் மேற்பட்ட பதில்களை ஆராய்ந்து, அமெரிக்காவில் ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மனநிலை மேலும் உயர்வதில்லை என்றார்கள். உலகப் பத்திரிகைகள் அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டன.

கதை அதோடு முடியவில்லை. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், வேலை பார்க்கும் 33,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கைபேசி வழியாக அவ்வப்போது 'இப்போது எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டுத் திரட்டிய பதில்களை வைத்து, 75,000 டாலரைத் தாண்டியும் மகிழ்ச்சி ஏறிக்கொண்டேதான் போகிறது என்றார். முரண்பட்ட கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் மோதிக்கொண்டு நிற்காமல், பார்பரா மெல்லர்ஸ் என்ற மூன்றாமவரை நடுவராக வைத்துத் தரவை மறுபடி சேர்ந்தே ஆராய்ந்தார்கள். 2023-இல் வந்த அந்த முடிவு இரண்டையும் சேர்த்து வைத்தது. பெரும்பாலானவர்களுக்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது. ஏற்கெனவே மிகத் துயரத்தில் இருக்கும் 15 முதல் 20 சதவீதத்தினருக்கு மட்டும் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை. அவர்களைத் தின்னும் துக்கம் பணத்தால் தீரக்கூடியதல்ல.

லாட்டரி பற்றிய பழைய கதையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். லாட்டரியில் பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்று 1978-இல் வந்த ஆய்வைப் பட்டிமன்றப் பேச்சாளர்கள்கூடச் சொல்வதுண்டு. அதில் பரிசு பெற்றவர்கள் வெறும் 22 பேர்தான். பிற்பாடு ஸ்வீடனில் மிகப் பெரிய எண்ணிக்கையில் நடந்த ஆய்வில், பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டு கடந்தும் உயர்ந்தே இருந்தது தெரிந்தது. பணம் மகிழ்ச்சி தராது என்ற வாக்கியத்தை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒன்று: இந்த ஆய்வுகளில் வருமானம் சதவீதத்தில் கூடும்போதுதான் பலன் தெரிகிறது. மாதம் 15,000 வாங்குபவருக்கு 15,000 கூடுவதும், ஒரு லட்சம் வாங்குபவருக்கு ஒரு லட்சம் கூடுவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு நிம்மதி தருகிறது. இரண்டாமவர் அதே நிம்மதிக்கு எத்தனை மடங்கு ஓட வேண்டும் என்பதை அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கோட்டுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். தமிழ்நாட்டில் பிறந்த பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் அவருடைய கூட்டாளிகளும் 54 கிராமங்களைச் சுற்றி 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்புக்காரருக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் மொத்தமாகப் பணம் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கையில் காசு இருக்காது. அடகும் கடனுமாக ஓடும். ஆலையிலிருந்து பணம் வந்தபின் அதே ஆள் ஓரளவு வசதிக்காரர். வெட்டுக்கு முன்னும் பின்னும் அதே விவசாயிகளுக்குப் புதிர்ச் சோதனைகள் வைத்தார்கள். முன்னால் குறைவாகவும் பின்னால் நன்றாகவும் செய்தார்கள். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை, சோற்றுக் குறைவும் காரணமில்லை என்று சரிபார்த்தார்கள். பணத் தட்டுப்பாடு மனதின் இடத்தை ஆக்கிரமித்துக்கொள்கிறது. வட்டி எப்போது கட்டுவது, யாரிடம் கைமாற்று கேட்பது என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும்போது வேறெதற்கும் அறிவில் இடம் மிஞ்சுவதில்லை. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் அது வெளியானது. இந்த நிலையில் இருப்பவரிடம் போய் உங்கள் வேலையில் அர்த்தம் தேடுங்கள் என்று சொல்வது கொடுமை. அவருக்கு வேண்டியது காசு. அந்தக் காசு வந்தால் அறிவும் கூடத் திரும்பி வரும்.

கோட்டுக்கு மேலே போனால் காட்சி மாறுகிறது. சம்பளத்துக்கும் வேலைத் திருப்திக்கும் உள்ள உறவைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளை டிமோதி ஜட்ஜ் குழுவினர் 2010-இல் தொகுத்துப் பார்த்தபோது, உறவு இருக்கிறது, ஆனால் மிகப் பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்தது. கூடுதலாக வாங்குகிறவர்கள் வேலையில் கொஞ்சமே கூடுதல் திருப்தியோடு இருக்கிறார்கள். அப்படியானால் திருப்தியை எது தீர்மானிக்கிறது?

லண்டனின் வைட்ஹால் ஆய்வுகள் இதற்கு நேரான விடை தருகின்றன. 1967-இல் தொடங்கிய முதல் ஆய்வில் 18,000 அரசு ஊழியர்களின் உடல்நலத்தைப் பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஒழுங்கான சம்பளம், இலவச மருத்துவம். பட்டினி கிடப்பவர் யாரும் இல்லை. ஆனாலும் பதவிப் படியில் ஒவ்வொரு படி கீழே இறங்க இறங்கச் சாவு விகிதம் ஏறியது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரோடு தொடங்கிய இரண்டாம் ஆய்வில் மைக்கேல் மார்மட் குழு காரணங்களில் ஒன்றை அடையாளம் கண்டது. என்ன வேலையை எப்போது எப்படிச் செய்வது என்பதில் தனக்குச் சொல் இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்தது. மேலதிகாரி சொன்னதை, சொன்ன நேரத்தில், சொன்ன விதத்தில் மட்டுமே செய்து முடிக்கும் வாழ்க்கை உடம்பையும் சேர்த்துத் தின்கிறது.

இதைப் புரிந்துகொள்ள லண்டன் போக வேண்டியதில்லை. தியாகராய நகரிலோ மதுரை விளக்குத்தூண் பக்கமோ பெரிய ஜவுளிக்கடை எதற்குள் வேண்டுமானாலும் போங்கள். புடவை எடுத்துக் காட்டும் பெண் காலை கடை திறக்கும்போது நிற்கத் தொடங்கினால் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்பார். வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்திலும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வருவார், கேமராவிலும் தெரியும். பாத வீக்கம், முழங்கால் வலி, காலில் புடைத்த நரம்பு எல்லாம் இருபத்தைந்து வயதிலேயே வந்துவிடும். அவருக்குச் சம்பளம் போதாது என்பது உண்மை. ஆனால் அவர் உட்கார ஒரு ஸ்டூல் போட முதலாளிக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. அதை மறுப்பது, உன் உடம்பின் மீதுகூட இங்கே உனக்கு உரிமை இல்லை என்று நாள்தோறும் சொல்வதற்காகத்தான். கேரளத்தில் கடைப்பெண்கள் போராடி 2018-இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. வேலையில் மனநிறைவு என்ற பெரிய பேச்சை ஒரு ஸ்டூலிலிருந்து தொடங்கலாம் என்று நான் நம்புகிறேன்.

வேலையே இல்லாவிட்டால் மனிதர் என்ன ஆவார் என்பதும் இந்த விசாரணையில் சேர வேண்டியது. ஆஸ்திரியாவில் மரியன்டால் என்ற சிற்றூர் ஒரே ஒரு நூற்பாலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது. மேரி யகோடா, பால் லாசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைசல் மூவரும் அங்கே ஆராய்ந்து 1933-இல் நூல் வெளியிட்டார்கள். கையில் நேரம் குவிந்திருக்கிறது, இனி நிறையப் படிப்பார்கள், சங்க வேலைகளில் ஈடுபடுவார்கள் என்று எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் இல்லாமல்தான் நடமாடினார்கள். தெருவில் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். வீட்டு வேலை குறையாத பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். அன்றைய பொழுதை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டால் பல ஆண்களால் சொல்லவே முடியவில்லை. அவர்களுக்குச் சிறிதளவு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. ஆனால் சம்பளத்தோடு வேலை தந்திருந்த மற்றவை போய்விட்டன: எழுந்திருக்க ஒரு காரணம், பேச நாலு பேர், ஊருக்கு நான் தேவை என்ற எண்ணம். நாற்பது வயதுக்குள் கோடி சேர்த்துவிட்டு வேலையை விட்டுவிடுவேன் என்று இன்றைக்குத் திட்டமிடும் இளைஞர்கள் மரியன்டாலைப் பற்றிப் படிக்க வேண்டும்.

வேலையை நேசிப்பவர்கள் பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஏமி ரெஸ்னெவ்ஸ்கி 1997-இல் வெளியிட்ட ஆய்வில் 196 ஊழியர்களிடம் தங்கள் வேலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். பிழைப்பு என்றவர்கள், முன்னேற்றப் படி என்றவர்கள், இதற்காகவே பிறந்தேன் என்றவர்கள் என மூன்று பிரிவும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. ஒரே பதவியில், ஒரே சம்பளத்தில் இருந்தவர்களிடம்கூட இந்த மூன்று பார்வையும் காணப்பட்டது. அந்த மூன்றாம் பிரிவினர்தான் மிகத் திருப்தியானவர்கள். எளிதாகச் சுரண்டப்படுபவர்களும் அவர்களே. 2009-இல் அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலைப் பணியாளர்களைப் பற்றி வந்த ஆய்வு இதை மிகத் தெளிவாகக் காட்டியது. பெரும்பாலும் பட்டதாரிகள், கூண்டு கழுவுவதும் சாணி அள்ளுவதும் அன்றாட வேலை, சம்பளம் குறைவு. விலங்குகளை விட்டுப் போக மனமில்லாததால் குறைந்த சம்பளத்தையும் கூடுதல் நேரத்தையும் அவர்கள் தாங்கிக்கொண்டார்கள்; நிர்வாகம் அதைப் பயன்படுத்திக்கொள்கிறதோ என்ற சந்தேகமும் அவர்களிடமே இருந்தது. ஒருவர் தன் வேலையை ஆசையோடு செய்கிறார் என்று தெரிந்தால், அவருக்குக் கூலியில்லாமல் கூடுதல் வேலை கொடுப்பதைப் பார்ப்பவர்களே நியாயம் என்று கருதுகிறார்கள் என்பது 2020-இல் வந்த இன்னொரு ஆய்வின் முடிவு.

நம் ஊர் தனியார் பள்ளி ஆசிரியைகளையும் தனியார் மருத்துவமனை செவிலியர்களையும் நினைத்துப் பாருங்கள். ஆசிரியப் பணி அறப்பணி, செவிலியர் பணி தொண்டு என்று மேடையில் சால்வை போர்த்துவார்கள். சம்பளப் பட்டுவாடாவின்போது கட்டடத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைந்த தொகையைக் கொடுப்பார்கள். நிறைவு சம்பளத்துக்கு ஈடு என்று முதலாளி சொல்லும்போது அது திருட்டு. தொழிலாளி தானே விரும்பிச் சொன்னால் மட்டுமே அது தியாகம்.

பணமும் நிறைவும் ஒன்றாகச் சேர்ந்த இடமும் இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் அறுவை நிபுணரானார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்த முடிந்தவர்களின் பணத்தில், முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ சிகிச்சை என்ற ஏற்பாடு அங்கே. நன்கொடையை எதிர்பார்த்து அது நிற்கவில்லை. வரவு செலவை இம்மி பிசகாமல் பார்த்தார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்று சொந்த ஆலையே தொடங்கி விலையைப் பல மடங்கு இறக்கினார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து கண் பரிசோதனை, அறுவைக்கு முந்தைய வேலைகள் எல்லாம் அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். பணத்தை வெறுத்திருந்தால் அந்த மருத்துவமனை ஐந்து வருடம்கூடத் தாண்டியிருக்காது. பணமே குறியாக இருந்திருந்தால் ஏழைக்கு அங்கே இடமிருந்திருக்காது.

மிச்சமிருப்பது நேரம். பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1930-இல் எழுதிய கட்டுரையில், நூறு வருடத்தில் மக்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்ற காலம் வரும் என்று கணித்தார். அந்த நூறாண்டு முடியப்போகிறது. 2023-இல் மென்பொருள் தொழிலதிபர் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசினார். நாட்டின் மீதுள்ள அக்கறையில் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாலும், உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கைத் தள்ளிவிட முடியாது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது. நீண்ட வேலை நேரத்தால் 2016-இல் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்தப் போராட்டத்தைச் சம்பளப் போராட்டமாக யாரும் பார்க்கவில்லை. உழைப்பவர்கள் தங்கள் நேரத்துக்காகப் போராடினார்கள்.

தனிமனிதர் செய்யக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்கர்கள் ஜோ டொமிங்கஸும் விக்கி ராபினும் 1992-இல் எழுதிய நூல் இதைப் பரப்பியது. நம் ஊருக்கு ஏற்றபடி போட்டுப் பார்ப்போம். ஒருவர் கூடுவாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு சிறுசேரிக்கு அப்பால் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 50,000 ரூபாய். ஆபீஸில் ஒன்பது மணி நேரம், போகவர மூன்று மணி நேரம். மாதம் 22 நாளுக்கு 264 மணி நேரம். பெட்ரோல், வெளிச்சாப்பாடு, ஆபீஸ் பிறந்தநாள் வசூல் என்று வேலைக்காகவே ஆகும் செலவு 9,000. மிச்சம் 41,000. வீட்டுக்குப் பக்கத்தில் 38,000 சம்பளத்தில் இன்னொரு வேலை கிடைக்கிறது. போகவர அரைமணி நேரம்தான். மாதம் 209 மணி நேரம், செலவு 3,000, மிச்சம் 35,000. சம்பளச் சீட்டில் 12,000 ரூபாய் வித்தியாசம். கையில் 6,000 மட்டுமே. அந்த 6,000 ரூபாய்க்கு அவர் மாதம் 55 மணி நேரத்தைக் கொடுக்கிறார். மணிக்கு 109 ரூபாய். அம்மாவின் மருந்துச் செலவுக்கு அந்த 6,000 வேண்டும் என்றால் கொடுக்கட்டும், அதில் தவறே இல்லை. ஆனால் என்ன விலைக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட விடாமல் செய்வது மாதத் தவணை. முப்பது வயதுக்குள் இருபது வருட வீட்டுக் கடன், அதன்மேல் கார், அதன்மேல் பள்ளிக் கட்டணம் என்று வருமானம் முழுவதையும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டால், பிடிக்காத வேலையை விடும் உரிமை போய்விடுகிறது. சாதி பறித்த உரிமையைக் கடனும் பறிக்கும். இரண்டாவதில் கையெழுத்துப் போட்டது நாமே என்பது மட்டும் வேறுபாடு. பணத்தின் மீதான ஆசையைவிட, வருமானத்தின் கழுத்துவரை செலவைக் கட்டிக்கொள்ளும் பழக்கத்தையே நான் அஞ்சுகிறேன். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் வைத்திருப்பவர் மேலதிகாரியிடம் முடியாது என்று ஒரு நாளாவது சொல்ல முடியும். பணம் வாங்கித் தரக்கூடியவற்றில் அதற்கு இணையான வேறு பொருள் இல்லை.

ஆக, கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கூலியைக் கூட்டுங்கள். அவரிடம் நிறைவைப் பற்றிப் பேசாதீர்கள். கோட்டைத் தாண்டியவர் அடுத்த சம்பள உயர்வைக் கேட்பதற்கு முன், தன் நேரத்தில் எவ்வளவு தன் கையில் இருக்கிறது என்று பார்க்கட்டும். முதலாளிகள் இரண்டையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் தாமாகக் கொடுக்காத இடத்தில் சட்டம் வேண்டும், சட்டம் இருக்கிற இடத்தில் அதைக் கேட்கும் வாய் வேண்டும். அந்த வாய் நமக்கும் இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, நமக்குப் புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் பில் போடும்போது மேலாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். 2021-இலிருந்து அது சட்டம்.